கல்வெட்டில் நடந்த கல்யாணம்

தருமபுரம் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் மாயவரத்து ஆதீனத்தைத்தான் நினைப்பார்கள். எங்கள் ஊர் அது இல்லை. காரைக்காலுக்கு மேற்கே, யாழ்மூரிநாதர் கோயில் இருக்கும் தருமபுரம். சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழில் அடங்காமல் போனதாகவும், பாணர் மனம் உடைந்து யாழையே முறிக்கப் போனதாகவும் தலபுராணம் சொல்லும் ஊர். சின்ன வயதில் எனக்கு அந்தக் கதையைச் சொன்னது என் அப்பாயி. அதே மூச்சில் வந்தியத்தேவன் கதையையும் சொல்வார். ரொம்ப நாளைக்கு இரண்டும் ஒரே புராணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் கல்கி பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்கள், சாக்கு தைக்கும் ஊசியால் தைத்து, தடித்த அட்டை ஒட்டி, ஏழெட்டுக் கட்டுகளாக இருந்தன. மணியத்தின் ஓவியங்கள் இருக்கும் பக்கங்களில் மட்டும் ஓரங்கள் கருத்திருக்கும். அதிகம் விரல் பட்ட இடங்கள் அவை. அப்பாயி 2019-ல் இறந்தபின் பெட்டி என்னிடம் வந்தது. பெங்களூரில் என் வேலை மேசைக்கு மேலே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாயி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே குறைதான் காதில் விழும்.

"அத்தனை வருஷம் படிக்க வெச்சான். கடைசியில கல்யாணத்தைக் காட்டலையே தம்பி."

இந்தக் கட்டுரை அந்தக் குறையைப் பற்றியது. ஒரு ஜோடியின் காதலை ஐந்து பாகங்களுக்குத் தாங்கிப் பிடித்து, எரியவும் விடாமல் அணையவும் விடாமல் கல்கி வைத்திருந்தது எப்படி, அவருக்கு அதற்கு வரலாறு கொடுத்த மூலப்பொருள் எவ்வளவு என்று பார்க்கும் முயற்சி.

*

முதலில் மூலப்பொருள். அது மிகக் கொஞ்சம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்து, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியாக 1891 முதல் வெளியிட்டார். அவற்றில் ராஜராஜனின் அக்கா குந்தவை கொடுத்த கொடைகள் விரிவாக வருகின்றன. பொன், நகை, செப்புத் திருமேனிகள். தன் தந்தை சுந்தர சோழருக்கும் தாய்க்கும்கூடப் படிமம் எடுத்திருக்கிறார். அந்தக் கல்வெட்டுகள் அவரை அறிமுகம் செய்யும்போது இரண்டு உறவுகளைச் சொல்கின்றன. முதலில், ராஜராஜ தேவரின் தமக்கை. அடுத்ததாக, வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி.

அவ்வளவுதான். வந்தியத்தேவன் யார், எங்கே சந்தித்தார்கள், யார் பேசி முடித்தார்கள், எதற்கும் கல்லில் பதில் இல்லை. ஒரு சோழ இளவரசியின் கணவர் பெயர், அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு அடைமொழியாக நிற்கிறது. நம்மூர் வழக்கத்துக்கு இது தலைகீழ். பொம்பளை பெயர்தான் புருஷன் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே அந்த ஆளை வரலாறு ஞாபகம் வைத்திருப்பதே மனைவி செய்த தர்மத்தால்தான்.

இன்னொன்றும் உண்டு. பெரிய கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்லும்போது ராஜராஜன் ஒரு வரிசை வைக்கிறான். தான் கொடுத்தவை முதலில், அக்கா கொடுத்தவை இரண்டாவது, அதற்கப்புறம்தான் தன் மனைவியர் கொடுத்தவை. 1010 வாக்கில் முடிந்த கோயில் அது. அப்போது குந்தவை வயதான பெண்மணி. ஆனால் தம்பியின் கணக்கில் அவர் இடம் அசையவில்லை. கல்யாணமான பிறகும் சோழ அரண்மனையின் பெண்ணாகவே, சோழ நாட்டிலேயே அவர் வாழ்ந்திருக்கிறார். தாதாபுரத்தில் சிவன், பெருமாள், சமணர் மூவருக்கும் கோயில் எடுத்தவர். தஞ்சையில் தந்தை பெயரில் மருத்துவசாலை வைத்தவர்.

அக்காலத்தில் அரசகுலப் பெண்களின் கல்யாணம் என்பது ஒப்பந்தம். மகள் இன்னொரு நாட்டுக்குப் போவாள், அந்த நாடு நட்பு நாடாகும். குந்தவை ஏன் போகவில்லை? வரலாற்றாசிரியர் இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு அடுத்த கல்வெட்டுக்குப் போய்விடலாம். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1930களில் வந்துவிட்டது, சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம் 1949-ல் வரத் தொடங்கியது. தகவல்கள் கல்கியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. நாவலாசிரியர் அப்படி நகர்ந்துவிட முடியாது. அவர் ஒரு மனதைக் கற்பனை செய்தாக வேண்டும்.

கல்கி கண்டுபிடித்த பதில் எனக்கு இன்றைக்கும் வியப்பு. அவருடைய குந்தவை சோழ நாட்டை விட்டு வேறெங்கும் வாழ்க்கைப்பட்டுப் போவதில்லை என்ற முடிவோடு இருக்கிறாள். அப்படியானால் அவளுக்கு எந்த நாட்டு மன்னனும் சரிப்பட மாட்டான். நாடே இல்லாத ஒருவன்தான் சரிப்படுவான். வாணர் குலத்தில் பிறந்து, முன்னோர் ஆண்ட நிலமெல்லாம் போய், குதிரையும் வாயும் மட்டும் மிச்சமிருக்கும் ஒரு வாலிபன். கதையில் அவர்களுக்கு நடுவே நிற்கும் பெரிய தடை எதுவோ, அதாவது அவன் ஒன்றுமில்லாதவன் என்பது, அதுவேதான் அவன் அவளுக்குப் பொருத்தமானவன் என்பதற்குக் காரணம். ஒரு நீண்ட தொடர் முழுவதையும் தாங்கக்கூடிய முடிச்சு இது. அவிழ்த்தால் கல்யாணம், அவிழ்க்காவிட்டாலும் கல்யாணம்.

*

இப்போது கணக்கு. என் தொழில் அப்படி. எண்ணாமல் எதையும் நம்ப மாட்டேன்.

பொன்னியின் செல்வன் கல்கி வார இதழில் 1950 அக்டோபர் 29-ல் தொடங்கி 1954 மே 16-ல் முடிந்தது. இரண்டுமே ஞாயிற்றுக்கிழமைகள். நடுவில் சரியாக 185 வாரங்கள். ஐந்து பாகங்கள், 57, 53, 46, 46, 91 என்று மொத்தம் 293 அத்தியாயங்கள். வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. கடைசி பாகம் மட்டும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. முடிக்க மனசில்லாமல் எழுதியது போலத்தான் இருக்கிறது.

கதைக்குள் ஓடும் காலம் எவ்வளவு? ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். எல்லாம் முடியும்போது ஓராண்டு ஆகியிருக்காது. குந்தவையும் வந்தியத்தேவனும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தது சில மாதங்கள்தான். வாசகர்கள் காத்திருந்தது மூன்றரை வருஷம்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மெதுவாக எரியும் காதல் என்கிறோமே, அது கதைக்குள் எரியவே இல்லை. பழையாறை அரண்மனையில் அது நல்ல வேகமாகத்தான் பற்றிக்கொண்டது. மெதுவாக எரிந்தது வாசகர் வீட்டு அடுப்பில்.

அந்த வீடுகளில் ஒன்று எங்களுடையது. 1950-ல் காரைக்கால் இந்தியாவில் இல்லை. 1739-லிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த நிலம். சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா, நடுவே நாங்கள். சுதந்திரத்துக்குப் பின், குறிப்பாக 1949-க்குப் பிறகு, எல்லையில் இந்தியச் சுங்கக் கெடுபிடி கடுமையானது. தெற்கே வாஞ்சூரிலும் வடக்கே பூவத்திலும் மூட்டை முடிச்சைப் பிரித்துப் பார்ப்பார்கள். அப்பாயியின் தம்பி மாயவரத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ஊருக்கு வரும்போது அங்கே யாராவது படித்து முடித்த கல்கி இதழ்களை வாங்கி வைத்திருந்து, பேரளத்தில் ரயில் மாறி எடுத்து வருவார். சில மாதம் வாராவாரம் வரும். சில மாதம் நாலு இதழ் சேர்ந்து வரும். சுங்கக்காரர் ஒருவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, 'இந்த வாரம் என்னாச்சு, முதலில் சொல்லிட்டுப் போ' என்று நிறுத்தி வைத்த கதை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஓடுகிறது.

தாத்தா அப்போது ஊரில் இல்லை. 1950 தை மாதம் கல்யாணம். அப்பாயிக்குப் பதினேழு வயது. ஆவணியில் தாத்தா சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார். பிரெஞ்சு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. அந்தக் காலத்துக் காரைக்கால் குடும்பங்களில் சைகோன் போகாத ஆள் குறைவு. கடிதம் வர ஒரு மாதத்துக்கு மேலாகும். அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. ஆக அப்பாயிக்கு இரண்டு தபால்கள். ஒன்று மாயவரத்திலிருந்து, இன்னொன்று சைகோனிலிருந்து. எது முதலில் வரும் என்று தெரியாது. "ரெண்டுலயும் ஒரே சேதிதான் தம்பி. இன்னும் வரலங்கிற சேதி" என்பார்.

*

கல்கி இந்த ஜோடியை எத்தனை முறை ஒரே இடத்தில் நிறுத்துகிறார் என்று பார்த்தால், முக்கியமான சந்திப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

முதல் சந்திப்பு குடந்தை சோதிடர் வீட்டில். தடுத்த சீடனைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிறவன், அங்கே இரண்டு பெண்களைக் கண்டதும் வாயடைத்துப் போகிறான். யாரென்று தெரியாது. அடுத்து அரிசிலாற்றங்கரை. முதலை வாயைப் பிளந்து நிற்கிறது, பெண்கள் அதைக் கவனிக்கவில்லை. வேலை எறிகிறான். பார்த்தால் அது செத்த முதலை. வானதியின் பயத்தைப் போக்குவதற்காக வைத்திருந்தது. வீரத்தைக் காட்ட வந்தவன் பஞ்சடைத்த தோலைக் குத்திவிட்டு நிற்கிறான். தமிழின் மிகப் பெரிய காதல் ஒரு அசட்டுச் செயலில் ஆரம்பிக்கிறது.

மூன்றாவது, பழையாறையில். ஆதித்த கரிகாலன் கொடுத்தனுப்பிய ஓலையை இளைய பிராட்டியிடம் சேர்க்க வேண்டும். ஓலையை வாங்குகிறவள்தான் ஆற்றங்கரையில் பார்த்தவள். இந்த இடத்தில் இன்னொரு எழுத்தாளராக இருந்தால் நிலவு, நந்தவனம் என்று இறங்கியிருப்பார். கல்கியின் குந்தவை அவனுக்கு வேலை கொடுக்கிறாள். இன்னொரு ஓலை. இலங்கைக்குப் போய்த் தம்பியை அழைத்து வா.

இதுதான் இந்தத் தொடரின் இயந்திரம் என்று நினைக்கிறேன். அவள் அவனை நம்புகிறாள், ஆகவே தூரமாக அனுப்புகிறாள். நம்பிக்கை கூடக் கூடத் தூரமும் கூடுகிறது. இரண்டாம் பாகம் பெரும்பாலும் கோடிக்கரையும் கடலும் இலங்கையுமாகக் கழிகிறது. அவர்கள் இருவரும் பக்கத்தில் இருக்கவே வழியில்லை. ஆனால் அவன் எடுக்கும் ஒவ்வொரு அடியும் அவள் சொன்ன வேலையில் எடுத்த அடி. காதலி பக்கத்தில் இல்லாமலே பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறாள். திரும்பி வந்து பழையாறையில் மறுபடி பார்க்கிறான். இலங்கைச் செய்தியைச் சொல்கிறான், புயலில் தப்பியதைச் சொல்கிறான். அவள் நெகிழ்கிறாள். உடனே அடுத்த வேலை. காஞ்சிக்குப் போ, அண்ணன் கடம்பூருக்குப் போகாமல் தடு.

அந்த வேலையில் அவன் தோற்கிறான். கரிகாலன் கடம்பூரில் கொல்லப்படுகிறான். கொலைப்பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. கவனித்தால், இதற்கு மேல் கடுமையான தடை ஒரு ஜோடிக்கு நடுவே வர முடியாது. காதலியின் அண்ணனைக் கொன்றவன் என்ற பழி. அதுவும் அவளே அனுப்பிய இடத்தில். இந்த முடிச்சை வலுவாக்க வரலாறும் கைகொடுக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சிலர் பெயரையும், அவர்கள் உறவினரின் நிலங்கள் பறிமுதலானதையும் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. வந்தியத்தேவன் பெயர் அதில் இல்லை. நாவலில் அவன் சிறையில் கிடக்கும்போதுகூட, விவரம் தெரிந்த வாசகருக்கு அவன் தப்பிவிடுவான் என்று தெரியும். குந்தவையின் கணவர் என்று பெரிய கோயிலில் எழுதியிருக்கிறதே! முடிவு தெரிந்த பின்னும் பயப்பட வைப்பதுதான் எழுத்தாளரின் வேலை. ராமாயணம் கேட்க உட்காரும் கூட்டத்துக்கு ராமன் ஜெயிப்பான் என்று தெரியாதா என்ன.

நடுவே வாசகரைப் பட்டினி போடாமல் இருக்க வேறு பந்திகளும் வைக்கிறார். அருள்மொழிக்கும் வானதிக்கும் ஒரு காதல், அது கூச்சமும் கண்ணீரும் கலந்தது. சேந்தன் அமுதனுக்கும் பூங்குழலிக்கும் ஒரு காதல், அது ஒருபக்கமாகத் தொடங்கி மணிமகுடம் வரை போகிறது. வந்தியத்தேவனையே நினைத்துக்கொண்டிருக்கும் மணிமேகலை ஒருத்தி. பிரதான ஜோடி நகராத வாரங்களில் இவர்கள் நகர்கிறார்கள். மாயவரத்திலிருந்து நாலு இதழ் சேர்ந்து வந்தாலும் அப்பாயி ஒரே நாளில் படிக்க மாட்டாராம். "ஒண்ணொண்ணா வெச்சுக்குவேன். தீந்து போச்சுன்னா அப்புறம் என்ன பண்றது?"

*

கல்கிக்கு இது முதல் முயற்சி அல்ல. 1940களில் எழுதிய சிவகாமியின் சபதத்தில் நரசிம்மவர்மனும் சிவகாமியும் அதைவிட நீண்ட காத்திருப்பில் இருந்தார்கள். வாதாபியைக் கொளுத்தி என்னை மீட்டால்தான் வருவேன் என்று அவள் சபதம் போட்டாள். அவன் படை திரட்ட ஒன்பது வருஷம் ஆனது. அதற்குள் பாண்டிய நாட்டுப் பெண்ணை மணந்து பிள்ளைகளும் பெற்றுவிட்டான். சபதம் நிறைவேறியது, காதல் நிறைவேறவில்லை. அங்கே கதைக்குள்ளேயே காலம் ஓடியது, அந்தக் காலமே காதலைத் தின்றுவிட்டது. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுதான் பொன்னியின் செல்வனில் கதைக்காலத்தை ஓராண்டுக்குள் அடக்கினார் என்று எனக்குத் தோன்றும். ஜோடி இளமையாகவே இருக்க வேண்டும், வயசாவது வாசகருக்கு மட்டும்.

சாண்டில்யனின் வழி வேறு. கடல் புறாவின் மூன்று பாகங்களையும் எடுத்துக்கொண்டால், கருணாகரனும் காஞ்சனா தேவியும் சீக்கிரமே ஒருவரை ஒருவர் கண்டுகொள்கிறார்கள். அங்கிருந்து வர்ணனை நம்மைத் தூக்கிப் போகும். மஞ்சளழகி வந்தால் இன்னொரு வர்ணனை. அங்கே கேள்வி 'சேர்வார்களா' என்பதில்லை, 'அடுத்து எப்போது சேர்வார்கள்' என்பது. அப்பாயிக்கு அவர் சரிப்படவில்லை. "அந்தாளு கண்ணைப் பத்தி எழுத ஆரம்பிச்சா நான் போயி உலை வெச்சிட்டு வந்துடுவேன்" என்பார்.

வெளிநாட்டில் எனக்குப் பிடித்த உதாரணம் டோரத்தி சேயர்ஸ். அவருடைய துப்பறியும் பிரபு பீட்டர் விம்சி, 1930-ல் வந்த நாவலில் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட ஹாரியட் வேன் என்ற எழுத்தாளரைக் காப்பாற்றுகிறார், காதலிக்கிறார், கல்யாணம் கேட்கிறார். அவள் மறுக்கிறாள். 1932-ல் வந்த நாவலிலும் மறுக்கிறாள். 1935-ல்தான், ஆக்ஸ்ஃபோர்டில் நடக்கும் கதையின் கடைசியில், சம்மதிக்கிறாள். 1937-ல் தேனிலவு. இடையில் ஹாரியட் இல்லாத விம்சி நாவல்களும் வந்தன. அங்கே தடை வெளியில் இல்லை. உயிரைக் காப்பாற்றியவனுக்கு நன்றிக்கடனாகக் கழுத்தை நீட்டுவது காதலாகாது என்று அவள் நினைக்கிறாள். நன்றி தேய்ந்து சமம் வரும்வரை சேயர்ஸ் காத்திருந்தார். கதைக்குள் ஓடும் காலமும் வாசகர் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடுகின்றன.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு ஒற்றுமை தெரிகிறது. இரண்டு இடத்திலும் பெண்ணுக்குச் செய்வதற்கு வேலை இருக்கிறது. ஹாரியட்டுக்கு எழுத்து, குந்தவைக்கு ராஜ்யம். காதலிப்பதைத் தவிர வேறு வேலையில்லாத ஜோடியை மூன்று வாரத்துக்கு மேல் இழுக்க முடியாது. நாலாவது வாரம் யாராவது ஒருவர் வீணாகச் சந்தேகப்பட வேண்டியிருக்கும். நம் தொலைக்காட்சித் தொடர்கள் அப்படித்தான் பிழைக்கின்றன. கல்கி 185 வாரத்தில் அந்தச் சந்தேகத்தை நம்பிப் பிழைக்கவில்லை. நந்தினியின் அழகில் வந்தியத்தேவன் தடுமாறும் இடங்கள் உண்டு. ஆனால் குந்தவையிடம் பொய் சொல்லிப் பிரிந்து, தெளிந்து சேரும் சடங்கு இல்லை.

*

பிறகு முடிவு. 1954 மே 16 இதழில் கதை முடிகிறது. கடைசி அத்தியாயத்தில் இறப்பது மணிமேகலை. வந்தியத்தேவன் அருகில் இருக்கிறான். தன்னை விரும்பிய, தான் விரும்பாத பெண்ணின் மரணத்தோடு அவன் கதையிலிருந்து விடைபெறுகிறான். குந்தவையோடு கல்யாணக்கோலம் இல்லை. மனசைத் திறந்து பேசும் இடங்கள் முன்பே வந்துவிட்டன, மாலை மாற்றும் இடம் மட்டும் வரவில்லை. வாசகர்கள் விடவில்லை. கல்கி ஒரு முடிவுரை எழுதி, அவர்கள் கேள்விகளை எடுத்துக்கொண்டு, பாத்திரங்களுக்கு வரலாற்றில் பின்னால் நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5-ல் அவர் காலமானார். பின்னால் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சியே எழுதினார். நந்திபுரம் என்பது பழையாறைதான். மணிரத்னம் 2022, 2023-ல் எடுத்த இரண்டு படங்களிலும் அந்த ஜோடிக்குத் திரையரங்கில் விழுந்த கைதட்டலைக் கேட்டபோது, எழுபது வருஷத்துப் பாக்கி இன்னும் வசூலாகவில்லை என்று புரிந்தது.

கல்கி ஏன் கல்யாணத்தைக் காட்டவில்லை? நாவலின் சிகரம் அருள்மொழியின் தியாகம். கைக்கு வந்த மகுடத்தை இன்னொருவன் தலையில் வைக்கிறான். எல்லாரும் எதையாவது விட்டுக்கொடுக்கும் அந்த முடிவில், ஒரு ஜோடி மட்டும் மேளதாளத்தோடு சேர்ந்தால் சுருதி சேராது. இது என் விளக்கம். அப்பாயி இதை ஏற்றுக்கொள்ளவில்லை. 'நீ அவனுக்கு வக்கீலா?' என்று கேட்டார்.

அவருடைய 1954 எப்படி இருந்தது என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. மே 7-ல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. ஒன்பது நாள் கழித்துப் பொன்னியின் செல்வன் முடிந்தது. நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். தாத்தா 1955-ல் ஊர் திரும்பினார். அப்பாயி காத்திருந்தது வீண்போகவில்லை, ஆள் வந்துவிட்டார், அதோடு கதை சுபம் என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். கடைசி வருஷங்களில் ஒரு மத்தியானம் என்னிடம் வேறு மாதிரி சொன்னார்.

"வந்தவரு யாருன்னே எனக்குத் தெரியல தம்பி. ஆறேழு மாசம் பாத்த ஆளு. அஞ்சு வருஷமா நான் மனசுல வெச்சிருந்தது வேற யாரோ. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்தா பேச ஒண்ணும் இருக்காது."

பேச ஒன்றும் இல்லாததால் படித்திருக்கிறார்கள். தாத்தா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அரிக்கேன் விளக்கைத் திரித்து வைத்து, முதல் கட்டிலிருந்து அப்பாயி வாசிக்க ஆரம்பித்தார். தாத்தா சுவரில் சாய்ந்து கேட்பார். கேட்கிறாரா தூங்கிவிட்டாரா என்று தெரியாது. செத்த முதலை வந்த ராத்திரி தாத்தா சிரித்துவிட்டாராம். "அன்னிக்குத்தான் அவரு சிரிப்புச் சத்தம் முதல்ல கேட்டேன்." இலங்கைக் கடல் வந்தபோது தன் கப்பலைப் பற்றி, அங்கே செத்துப்போன ஒரு சிநேகிதரைப் பற்றி, தாத்தா பேசினார். மூன்றாம் பாகம் நடந்துகொண்டிருந்தபோது அப்பாயி கர்ப்பமானார். 1956-ல் என் அப்பா பிறந்தார். கடைசி பாகத்தைக் கைக்குழந்தையோடு வாசித்து முடித்திருக்கிறார்கள்.

நான் இத்தனை நாள் கணக்குப் போட்ட 185 வாரமும் அவருக்கு முதல் வாசிப்புதான். காதல் இரண்டாவது வாசிப்பில் வந்திருக்கிறது. முடிவு தெரிந்த கதையில்.

2010-ல் பெரிய கோயிலுக்கு ஆயிரமாவது ஆண்டு விழா எடுத்தார்கள். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். கூட்டமெல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் அப்பாயியைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். தாத்தா போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. விமானத்தின் அடிப்பகுதியில் வரிவரியாக ஓடும் எழுத்துகளைக் காட்டி, குந்தவை பெயரும் வந்தியத்தேவன் பெயரும் சேர்ந்து வருவது இந்தக் கோயில் கல்வெட்டில்தான் என்று சொன்னேன். அந்தக் காலத்து எழுத்து எங்கள் இருவருக்குமே படிக்க வராது. எந்த வரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாயி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை சுவரோரமாக நடந்தார். திரும்பி வந்து கேட்டார்.

"எங்கியோ ஒரு இடத்துல அவ இன்னாரு பொஞ்சாதின்னு எழுதியிருக்குல்ல?"

"எழுதியிருக்கு அப்பாயி. நிச்சயமா எழுதியிருக்கு."

"அப்ப சரி. நடந்திருக்கு."

வரும் வழியில் கும்பகோணம் தாண்டியதும் பேருந்து ஜன்னலில் அரசலாறு தெரிந்தது. கல்கியின் அரிசிலாறு. எங்கள் காரைக்காலில்தான் அது கடலில் போய்ச் சேருகிறது. எழுப்பிச் சொல்லலாம் என்று பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தார்.